ஞான அறைக்குப் போகும் வழி

“சகோதரர்களே, மனித குலம் இன்றைக்கு ஒரு மகத்தான வாசலில் நிற்கிறது” என்று அறிவித்தார் தலைவர் மணிமாறன்.

நின்றது ஆசிஃபா மட்டும்தான். அவள் கண்களைக் கறுப்புத் துணியால் கட்டிக்கொண்டிருந்தார் செயலாளர் சுதாகர்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒளிச் சகோதரர் சபை என்றால் பெரிய அதிகாரிகளுக்கு மட்டும். பக்கத்துக் கிராமமான வடக்குத்துப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் பாடம் நடத்த அதன் முன்கூடத்தைக் கேட்டாள் டீச்சர் ஆசிஃபா. உறுப்பினருக்குத்தான் தருவோம் என்றார்கள். அப்படியானால் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றாள். உடனே ஒரு சோதனை பிறந்தது. கண்ணைக் கட்டிக்கொண்டு, யார் துணையும் இல்லாமல், ஞான அறையை அடைய வேண்டும்.

“சுவத்துல முட்டிகிட்டா விண்ணப்பம் அதோட சரிம்மா” என்றார் சுதாகர்.

“நீங்கல்லாம் இப்படித்தான் போனீங்களா சார்?”

“எங்களைக் கையப் புடிச்சிக் கூட்டிகினு போனாங்க. அது அப்ப.”

மணிமாறன் உள்ளே போய்ச் சிம்மாசனத்தில் அமர்ந்தார். அங்கிருந்தே குரல் வந்தது.

“இந்தக் கட்டடத்தோட மகிமையைக் கேட்டுகிட்டே வாம்மா. கட்டினவங்க பெரிய ஞானிங்க. பாதை குறுகிப் போகும், ஆசை குறையணும்னு அர்த்தம். கடைசியில ஒரு படி இறங்கணும், அது பணிவு. அறையில ஒருத்தர்தான் உக்கார முடியும், உண்மையைத் தனியாத்தான் பாக்கணும். உசரத்துல சின்னதா ஒரு ஜன்னல், அதுதான் ஞானக்கண். தரை ஒரு மூலையைப் பாத்துச் சரியும். எல்லா உயிரும் ஒரே இடத்துல போய்ச் சேருதில்ல, அதான்.”

“வழியச் சொல்லாதீங்க தலைவரே” என்று முணுமுணுத்தார் சுதாகர்.

ஆசிஃபா நடந்தாள். அனல்மின் நிலையத்தின் முழக்கம் எங்கோ அடிவானத்துக்கு அப்பால் யாரோ குறட்டை விடுவதுபோலக் கேட்டது. காற்றில் வேப்பம்பூ வாசம். கால்கள் தன்னுடையவையே இல்லை என்று தோன்றியது அவளுக்கு. குளிர்ந்த தரைமேல் மிதந்தாள். சுவர்கள் தாமாக ஒதுங்கி வழிவிட்டன. கை நீட்டித் தடவவில்லை. இடப்பக்கம் திரும்பினாள், வலப்பக்கம் திரும்பினாள், ஒரு படி இறங்கினாள்.

“போன ஜென்மத்துத் தொடர்புப்பா” என்று ஒரு சகோதரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சிம்மாசனத்துக்கு நேர் எதிரே போய் நின்றாள். மணிமாறன் கைகூப்பி எழுந்தார்.

“நீ உறுப்பினர்தாம்மா. கூடத்தை எடுத்துக்க. எங்களுக்கு இத்தனை வருஷத் தியானத்துல வராத அகப்பார்வை உனக்கு எப்படி வந்துச்சு?”

அவள் கண்கட்டை அவிழ்த்தாள்.

“பார்வையெல்லாம் இல்ல சார். எங்க அத்தா மைன்ஸ்ல இருந்தப்ப எங்களுக்கும் இதே டைப் குவார்ட்டர்ஸ்தான். சின்னப் புள்ளையில ராத்திரி தூக்கக் கலக்கத்துல கண்ணத் தொறக்காமயே இங்க வந்துட்டுப் போவேன்.”

டவுன்ஷிப்பில் அந்த டைப் வீடு எல்லாவற்றிலும் கக்கூஸ் அங்கேதான் இருக்கிறது.