கீழே இறங்கும் முறை

ஏரிக்கரை உடையும் ஓசை, முரட்டுத் துணியை யாரோ கிழிப்பதுபோல் இருக்கும். குஞ்சாக இருந்தபோது கேட்ட அந்த ஓசை, செவத்தி என்ற எறும்பை விட்டு நீங்கவேயில்லை. இந்த மழையில் கரை மறுபடி உடைந்தது. புற்றிலிருந்த எறும்புகளெல்லாம் ஒன்றன் காலை ஒன்று பற்றிக்கொண்டு, ஒரே உருண்டையாக வெள்ளத்தில் மிதந்தன.

உருண்டை புரண்டுகொண்டே இருக்க வேண்டும். மேலே மூச்சு வாங்கியவர்கள் தண்ணீருக்குள் போக, உள்ளே மூச்சடக்கியவர்கள் மேலே வருவார்கள்.

செவத்தியின் முறை வந்தது. கறுத்த தண்ணீரைப் பார்த்ததும் அவள் மேலேயே ஒட்டிக்கொண்டாள்.

“இறங்குடி!” என்றாள் பக்கத்திலிருந்த மாரியக்கா.

“நான் ஒருத்தி இறங்கலேன்னா குடியா முழுகிடும், அக்கா?”

“முழுகுறது குடிதாண்டி! சரி, நீயே இறங்காதப்போ எனக்கு மட்டும் என்ன தலையெழுத்து?”

மாரியக்காவும் ஒட்டிக்கொண்டாள். அவளைப் பார்த்து அடுத்தவள், அடுத்தவளைப் பார்த்து இன்னொருத்தி. உருண்டை புரளாமல் நின்றுவிட்டது.

தண்ணீருக்குள்ளிருந்து செவத்தியின் காலைப் பிடித்திருந்தவள் அவள் தங்கை பூவி. அவள் மெல்ல இழுத்தாள். பிறகு வெடுக்கென்று இழுத்தாள். பிறகு அந்தப் பிடி தளர்ந்துபோனது.

செவத்தி அலறிக்கொண்டே தண்ணீருக்குள் இறங்கினாள். மாரியக்காவும் இறங்கினாள். உருண்டை மறுபடி புரண்டு, ஒரு கருவேல மரத்தில் போய் ஒதுங்கியது.

பூவியை வெள்ளம் கொண்டுபோய்விட்டது.