பொற்கொடி எடுத்த சீட்டு

புருஷன் துபாயில் ஆஸ்பத்திரியில் கிடக்க, பொற்கொடி தலை நிறைய மல்லிகையோடு அறந்தாங்கிக்குப் போய் டாரட் சீட்டில் குறி பார்த்துவிட்டு வந்திருந்தாள். வந்ததோடு விட்டாளா, சிரித்த முகமாக மாமியாருக்கு செல்போனில் படம் வேறு காட்டிக்கொண்டிருந்தாள்.

"பாருங்கத்தே, இதான் எனக்கு வந்த சீட்டு. மேல சூரியன். வெள்ளைக் குதிரையில சின்னப் புள்ள கையை விரிச்சுக்கிட்டு வருது. பின்னாடி சுவரு மேல சூரியகாந்திப் பூ. ஒங்க மகன் சீக்கிரமே நல்லபடியா வந்துருவாருன்னு அர்த்தமாம்."

பிரகதாம்பாளுக்கு வாயெல்லாம் பல். "ஏன்டா வெற்றி, பாத்தியா? எம்புள்ள குதிரையிலயே வாரான்."

வெற்றிசெல்வனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணன் ஆவுடையப்பன் ஆஸ்பத்திரியில் இல்லை. போன வாரமே சாரம் சரிந்து இறந்துவிட்டான்.

சவப்பெட்டி ஊர் வந்து சேரும்வரை வீட்டுப் பெண்களிடம் சொல்வதில்லை. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஊர்களில் அப்படித்தான். அதிலும் அம்மா இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவள். பாவம், அவன் ஒருத்தனாகவே எல்லாவற்றையும் நெஞ்சில் போட்டுப் பூட்டிக்கொண்டு திரிந்தான். இந்த நேரம் பார்த்து எவளோ ஒருத்தி அண்ணிக்கு ஆசை காட்டி அனுப்பியிருக்கிறாள்.

பைக்கை எடுத்தான்.

அறந்தாங்கியில் ஒரு டெய்லர் கடை மாடியில்தான் சத்யா சீட்டு பார்க்கிறாள். யூடியூபில் கற்றுக்கொண்ட வித்தை.

"காலையில எங்க அண்ணி வந்தாங்களே, பொற்கொடி. அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

"ஒக்காருங்கண்ணே."

"ஒக்கார வரலை. எங்க அண்ணன் செத்துப் போயிட்டாரு. நீங்க சூரியனைக் காட்டி, வந்துருவாருன்னு சொல்லி அனுப்பியிருக்கீங்க. பெட்டி வந்து எறங்குற அன்னைக்கு அவங்க மொகத்தைப் பாக்க நீங்க வருவீங்களா?"

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டான். சேதி வந்ததிலிருந்து அழ அவனுக்கு ஓர் இடம் கிடைத்திருக்கவில்லை.

சத்யா சீட்டுக்கட்டிலிருந்து ஒரு சீட்டை எடுத்து வைத்தாள். அதிலும் வெள்ளைக் குதிரைதான். மேலே குழந்தை இல்லை. கறுப்புக் கவசம் போட்ட எலும்புக்கூடு.

"அவங்களுக்கு வந்தது இதுதாண்ணே. இந்தக் கட்டுல சாவுச் சீட்டு. எனக்கே திக்குன்னு ஆயிருச்சு. 'சாவுன்னு மட்டும் அர்த்தம் இல்லக்கா, பின்னாடி பாருங்க, ரெண்டு கோபுரத்துக்கு நடுவுல சூரியன் தெரியுது, இனிமே விடியும்னும் சொல்லலாம்'னு சமாளிச்சேன்."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"'சமாளிக்காத தாயி, எனக்குத் தெரியும். அவரு கூட ரூம்ல இருந்தவரு சம்சாரம் அன்னைக்கே போன்ல சொல்லிருச்சு'ன்னாங்க. ரொம்ப நேரம் அழுதாங்க. அப்புறம் கட்டை வாங்கி, அவங்களே தேடி அந்தச் சூரியன் சீட்டை எடுத்து போட்டோ புடிச்சுக்கிட்டாங்க."

வெற்றிசெல்வனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எதுக்கு?"

"'எங்க அத்தைக்கும் தெரியாது, கொழுந்தனுக்கும் தெரியாது. பெட்டி வர்ற வரைக்கும் அவங்க ரெண்டு பேராவது நிம்மதியா நாலு வாய் சாப்பிடட்டும்'னாங்கண்ணே."