மீன் இல்லாத இடம்

மூடிக்கிடக்கும் வானத்தின் கீழ் மாஹிம் கடல் சாம்பல் நிறத்தில் அசைகிறது. பாறை இடுக்குகளில் தண்ணீர் களக் களக்கென்று ஏறி இறங்குகிறது. காசிம் தூண்டிலை உறையிலிருந்து எடுக்காமலே நிற்கிறார். பக்கத்தில் அஃப்ஷா, போன மாதம் மௌத்தாகி அடக்கமான அவருடைய கூட்டாளி பீர்முகம்மதின் மகள். அவள் கையில் இருப்பது வாப்பாவின் போன். அவர் கண்டுபிடித்துக் குறித்துவைத்த மீன்பிடி இடங்கள் அதில் சிவப்புப் புள்ளிகளாக மின்னுகின்றன. எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டுமென்று காலையிலிருந்து காசிமைக் கூட்டிக்கொண்டு அலைகிறாள். கடைசிப் புள்ளி இந்தப் பாறை. பீரு இங்கே வந்ததே கிடையாது. "அங்க ஒரு பொடிமீன்கூடச் சிக்காது வே" என்று பத்து வருடமாக அவரிடம் சாதித்துவிட்டு, காசிம் தனியாக வந்து பை நிறையக் கெளுத்தி பிடித்துப்போன இடம்.

"இதுல மட்டும் தமிழ்ல என்னமோ எழுதியிருக்காவ மாமா. எனக்கு வாசிக்கத் தெரியாதுல்லா."

காசிம் போனை வாங்கிக் கண்ணருகே பிடிக்கிறார். 'காசிம் இடம். நான் போகக் கூடாது.' உப்புக்காற்றில் கண்ணாடி மங்குகிறது. துடைத்துவிட்டு மறுபடியும் பார்க்கிறார்.

"என்ன மாமா போட்டிருக்கு?"

"இங்க மீனே கிடையாதாம்" என்கிறார் காசிம். அவர் காலடித் தண்ணீரில் ஒரு மடவை மீன் துள்ளி விழுகிறது.