மோந்து பார்த்த குப்பி

கதிர்வீச்சில் காயம்பட்ட பாக்டீரியாவின் டி.என்.ஏ. கண்ணிமைக்கும் நேரத்தில் தேறிவிடப் பார்க்கும். அதற்குள் ஆக்ஸிஜன் தொட்டுவிட்டால் காயம் நிலைத்துவிடும். அதனால்தான் ஆய்வு மாணவி நஸீமா பாக்டீரியா வளர்த்த குப்பிகளில் நைட்ரஜன் நிரப்பி மூடிவைப்பாள். ஆய்வக உதவியாளர் மரியசெல்வமோ, அந்தப் பிள்ளை பாடுபட்டு வளர்த்தது கெட்டுப்போயிருக்குமோ என்ற அக்கறையில், கதிர்க்கருவிக்குள் வைக்குமுன் ஒவ்வொன்றையும் திறந்து மோந்து பார்த்துவிட்டார்.

மறுநாள், பிழைத்த பாக்டீரியா வளரவேண்டிய தட்டுகளில் ஒரு புள்ளிகூட முளைக்கவில்லை. ஆய்வேட்டை முடிக்க இனி ஒரே ஒரு வாய்ப்புதான்.

“நான்தான் திறந்து மோந்தேன். நல்லாத் திட்டிடும்மா,” என்றார் மரியசெல்வம்.

அவள் வாயைத் திறந்தாள். சொல் வெளியே வருமுன் உதட்டை இறுக்கிக்கொண்டாள். பிறகு புதுக் குப்பி ஒன்றை அவர் மூக்கருகே நீட்டினாள்.

“இப்பவே மோந்துக்கங்கண்ணே. அப்புறம் நைட்ரஜன் நிரப்பி மூடிடுவேன்.”

குனிந்து மோந்தார். “நல்லாருக்கும்மா.” மூடியை அவரே எடுத்து நீட்டினார்.