அறுபது பாட்டில்களுக்கு ஒரு கடிதம்

சோபாவில் லக்ஷ்மம்மா, காலை நீட்டிக்கொண்டு. பிரம்பு நாற்காலியில் அவள் தம்பி வாமன், மடியில் பிரிக்காத பேப்பர். தரையில் லக்ஷ்மம்மாவின் பிள்ளை பரத்வாஜ். வாமனின் பெண் தன்மயி புக்ககத்திலிருந்து போனில். போன் சாப்பாட்டு மேஜையில் சர்க்கரை டப்பாமேல் சாய்ந்திருந்தது.

வாமனின் மனைவி நாகலக்ஷ்மி மட்டும் உட்காரவில்லை. கையில் ஒரு சின்ன லோஷன் பாட்டிலோடு நின்றாள்.

அவள் காய்ச்சும் ஒவ்வொரு ஈடு லோஷனிலும் ஒரு பாட்டில் யாருக்கும் போகாது. சமையலறை ஜன்னலில், வெயில் படுகிற இடத்தில், மூன்று மாதம் நிற்கும். எண்ணெயும் தண்ணீரும் பிரிகிறதா, நிறம் மாறுகிறதா என்று தினமும் பார்ப்பாள்.

ஆறு வருஷத்தில் ஒன்றுகூட மாறியதில்லை.

இன்று காலை இந்தப் பாட்டிலின் கழுத்தில் கடுகளவு கறுப்பு. திறந்தால் காயாத துணியின் வாசனை.

இதே ஈட்டில் அறுபது பாட்டில்கள், மூன்று வாரத்துக்கு முன் நடந்த தன்மயி கல்யாணத்தில், மாப்பிள்ளை வீட்டுப் பெண்களின் தாம்பூலப் பைகளில் போயிருந்தன.

"அறுபது பேருக்கும் எழுதப் போறேன். தடவாதீங்கோ, தூக்கிப் போடுங்கோன்னு."

"ஏண்டி, உனக்கென்ன கிரகச்சாரம்?" என்றாள் லக்ஷ்மம்மா. "ரெண்டு தரம் நிச்சயமாகி நின்னு, மூணாவதா அமைஞ்ச கல்யாணம். மூணே வாரத்துல சம்பந்தியாத்துக்கு, நாங்க குடுத்தது பூசணம்னு கடுதாசு போடுவியா? ஒருத்தராவது வாயைத் திறந்தாளா?"

"குடுத்ததைத் திரும்பக் கூப்பிடறதெல்லாம் கார் கம்பெனி பண்ற வேலை மாமி," என்றான் பரத்வாஜ். "உங்க கம்பெனி குக்கருக்குப் பக்கத்துல இருக்கு."

வாமன் சிரிக்கப் பார்த்தார். மனைவியின் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

"அம்மா, ப்ளீஸ், இப்போ வேண்டாம், பேடாம்மா," என்றது போன். "என் மாமியாருக்கு அது எவ்ளோ பிடிச்சிருக்கு தெரியுமா? நாத்தனார் கைக்குழந்தைக்குக்கூட குளிப்பாட்டினதும் அதைத்தான் தடவறா."

நாகலக்ஷ்மி மேஜைக்குப் போய்ப் போன்மேல் குனிந்தாள்.

"அந்தப் பாட்டில் எங்கே இருக்கு?"

"பாத்ரூம்ல."

"இப்பவே எடு. வாஷ்பேசின்ல கொட்டு. குழாயைத் தொற. சத்தம் எனக்குக் கேக்கணும்."

போனில் கதவு திறக்கும் சத்தம். பிறகு தண்ணீர் கேட்டது.

"இவர் அம்மா கேட்டா நான் என்ன சொல்றது?"

"எங்கம்மா கடுதாசு வர்றதுன்னு சொல்லு."

போன் பட்டென்று கட்டாயிற்று.

பரத்வாஜ் மாமியின் குறிப்பு நோட்டை எடுத்துப் புரட்டினான். எண்ணெய் எழுபத்தைந்து டிகிரி, தண்ணீரும் எழுபத்தைந்து. நாற்பதுக்கு ஆறின பிறகு, கெடாமல் காக்கும் மருந்து நூற்றுக்கு ஒரு பங்கு. பாட்டில்கள் கொதிநீரில் இருபது நிமிஷம். பிசகே இல்லை.

"அப்போ தப்பு வேலாயுதம் கடை மெழுகுலதான். எழுதியே தீருவேன்னா அப்படி எழுதுங்கோ மாமி. நம்ம பேரும் பிழைக்கும்."

எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடிக்கும் அந்த மெழுகை ஆறு வருஷமாக வேலாயுதம்தான் கொடுக்கிறான்.

"அதானே!" என்று லக்ஷ்மம்மா காலை மடக்கி நிமிர்ந்தாள். "யாரோ கடைக்காரன். அவனோட நமக்கென்ன சம்பந்தமா, சண்டையா?"

"அவன் மெழுகுல ஒண்ணுமில்லே அக்கா. அவன் பேரை எழுத என் கை வராது."

"அப்போ என்னதான் காரணம் எழுதுவே?"

நாகலக்ஷ்மி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வெள்ளைத்தாளை ஓரம் விட்டு மடித்தாள். வாட்ஸாப்பில் அனுப்பினால் குட்மார்னிங் பூக்களுக்கு நடுவில் அது காணாமல் போகும். கையெழுத்துப் போட்ட காகிதத்தை யாரும் அப்படித் தள்ள முடியாது.

கொள்ளேகால் பள்ளிக்கூடத்தில் படித்த கன்னடத்தில்தான் எழுதினாள். சம்பந்தி வீட்டில் தமிழ் பேசுவார்கள், படிக்கத் தெரியாது. முதல் கடிதம் தன்மயியின் மாமியார் பிரதிபாவுக்கு.

பரத்வாஜ் எழுந்து வந்து, தோளுக்குப் பின்னால் நின்று, அம்மாவுக்காகத் தமிழில் உரக்கப் படித்தான்.

"ஒன்று. தாம்பூலப் பையில் வைத்த லோஷன் கெட்டுவிட்டது. யாரும் தடவ வேண்டாம். இரண்டு. ஏற்கெனவே தடவி, அரிப்போ சிவப்போ இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள், செலவு என்னுடையது. மூன்று. காரணம்."

அங்கே அவன் குரல் இறங்கியது.

"லோஷன் ஆறின பிறகு, பாட்டிலில் ஊற்றுவதற்கு முன், இந்தக் கல்யாணமாவது நிலைக்க வேண்டும் என்று, எங்கள் வீட்டுப் பெருமாள் தீர்த்தம் ஒரு பாத்திரம், துளசியோடு, அதில் கலந்தேன். காய்ச்சாத தண்ணீர் பட்டால் லோஷன் கெடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கலந்தேன்."

தினமும் பூஜையில் அந்தத் தீர்த்தத்தைத் தயார்பண்ணுகிற வாமன் பேப்பரை மடியிலிருந்து கீழே வைத்தார்.

"தீர்த்தம் கெடுத்ததுன்னா எழுதறே?" என்றாள் லக்ஷ்மம்மா.

"தீர்த்தம் கெடுக்கலே அக்கா. நான் கெடுத்தேன்."

கையெழுத்துப் போட்டு, கீழே தன் போன் நம்பரையும் எழுதி, பரத்வாஜிடம் நீட்டினாள். ஐம்பத்தொன்பது பிரதி. அவன் கேலி ஒன்றும் பண்ணாமல் ஜெராக்ஸ் கடைக்குப் போய் வந்தான்.

சனிக்கிழமை. தபாலாபீஸ் மூட இன்னும் முக்கால் மணி இருந்தது. பிரதிகளைக் கல்யாண விலாசப் பட்டியல்படி உறைகளில் போட்டாயிற்று; பிரதிபாவுக்கான அசலைக் கடைசி உறையில் போட்டு, பசை தடவி, கட்டைவிரலால் நுனியிலிருந்து நுனிவரை அழுத்தினாள்.

கவுண்டரில் நிதானமாகச் சொன்னாள்.

"அறுபதும் ஸ்பீட் போஸ்ட். அவங்கவங்க கையெழுத்து வாங்கிட்டுத்தான் கொடுக்கணும்."