தள்ளிப் போடி

செங்கமலத்தின் மார்புக்கூட்டுக்குள் இதயமும் இடது நுரையீரலும் அக்கா தங்கையாக ஒட்டி உறவாடிக்கொண்டிருந்தன. அவளுக்கு இடப்பக்க மார்பில் புற்றுநோய் வந்து கதிர்ச் சிகிச்சை தொடங்கியதும் அந்த உறவு கெட்டது.

தினமும் ஸ்பீக்கரில் ஒரு குரல் வரும்: "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்கம்மா." உடனே நுரையீரல் புடைத்தெழுந்து இதயத்தை இடித்துத் தள்ளும்.

"ஏன்க்கா இப்படிப் பண்றே? நான் உனக்கு என்ன கெடுதல் செஞ்சேன்?"

"பேசாம தள்ளிப் போடி."

ஒரு நாள் இதயம் வீம்புக்குத் தாறுமாறாகத் துடித்தது. செங்கமலத்துக்குப் படபடத்து இருமல் வந்துவிட்டது. மெஷின் நின்றுபோனது.

"பரவாயில்லம்மா, மெதுவா இன்னொரு தரம் பார்ப்போம்" என்றது குரல். அவள் கண்ணீரோடு மறுபடியும் மூச்சைப் பிடித்தாள். நுரையீரல் முன்னைவிட முரட்டுத்தனமாகத் தள்ளியது. அன்றோடு இதயம் அக்காவிடம் பேச்சை நிறுத்திக்கொண்டது.

சிகிச்சை முடிந்து சில மாதங்கள் போயின. பக்கத்தில் ஓயாமல் வறட்டு இருமல். பொறுக்க மாட்டாமல் இதயம் எட்டிப் பார்த்தது. அக்காவின் முன்னோரம் வெந்து தழும்பேறிக் கிடந்தது. தன்னைத் தள்ளிவிட்டு, தான் இருந்த இடத்தில் கதிருக்கு முன்னால் அக்கா வந்து நின்ற ஓரம் அது.

"எனக்கு வந்த கதிரையா நீ வாங்கிக்கிட்டே? ஏன்க்கா சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ நகர்ந்திருப்பியா?"

இதயம் அக்காவை ஒட்டிக்கொண்டு அழுதது. "தள்ளுக்கா. பழையபடி ஒரே ஒரு தரம் இடிச்சுத் தள்ளு."

தழும்பேறி இறுகிய நுரையீரல் முடிந்தமட்டும் மூச்சை இழுத்தது. இதயம் இம்மிகூட நகரவில்லை.