செம்பு டாக்டர்

"சாமியாத்தா, ஒரு வாய் தண்ணி குடும்மா."

"செம்பு காலியாயிடுச்சுங்க சார். இனி நாளைக்குக் காலையிலதானுங்க."

செம்பைக் கவிழ்த்தே காட்டினாள். டாக்டர் ஆழ்வாருக்கு அழுகையே வந்துவிட்டது. இப்படியும் ஒரு கல்நெஞ்சக்காரியா?

மனைவி ரங்கம்மா மேல்கோட்டைக் கோயிலுக்குப் போயிருந்தாள். பஸ் பிடித்துத் திரும்பச் சாயங்காலம் ஆகும். வீட்டில் அவரும், ஹனூர் பக்கத்துக் கௌதள்ளி கிராமத்திலிருந்து போன வாரம் வேலைக்குச் சேர்ந்த இந்தச் சாமியாத்தாளும்தான்.

கண்ணை மூடினார். மேல்கோட்டைக் கல்யாணிக் குளத்தில் மல்லாந்து மிதந்தார். காதெல்லாம் குளிர்ச்சி. வாயைத் திறந்தால் போதும், குளமே உள்ளே வந்துவிடும். திறந்தார். மைசூரின் மத்தியான வெக்கையும் ஃபேன் காற்றும்தான் வந்தன.

வேடிக்கைதான். தளர்ந்த இதயங்களை முப்பது வருஷம் ஆராய்ந்த மனுஷர் அவர். இதயம் தளர்ந்தால் உடம்பில் தண்ணீர் எப்படித் தேங்குகிறது என்று நாடு நாடாகப் போய்ப் பேசியவர். அவ்வளவு படிப்பையும் நோயாளி வீட்டாரிடம் சுருக்கமாகச் சொல்லிவிடுவார்.

"ஒரு நாளுக்கு ஒரு செம்புதான். அதுக்கு மேல ஒரு சொட்டு குடுத்தாலும் நீங்களே கொன்ன மாதிரி."

ஹனூர் பக்கத்து ஜனங்கள் அவருக்கு 'செம்பு டாக்டர்' என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

இப்போது அவர் இதயமே தளர்ந்துபோனது. அவரிடம் படித்த சின்மயிதான் வைத்தியம். அவளும் 'ஒரு செம்பு' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள், குருவுக்கு ஏற்ற சிஷ்யை!

"ஸ்வல்பம் குடும்மா. நாக்கு ஒட்டிண்டுடுத்து."

"முடியாதுங்க சார்."

"அட, நான் டாக்டர் சொல்றேன்! ஒரு வாய் குடிச்சா ஒண்ணும் ஆகாது!"

சாமியாத்தாள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"ஒண்ணும் ஆவாதுங்களா?"

"ஆகவே ஆகாது."

உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்தாள். டம்ளருக்குள் கல்யாணிக் குளமே தளும்பியது. அவர் இரண்டு கையையும் நீட்டினார். அவளோ கொடுக்காமல் அப்படியே நின்றாள்.

"எங்கூட்டுக்காரருக்கும் நீங்கதானுங்க வைத்தியம் பார்த்தீங்க. பொழைக்கமாட்டாருன்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. கடைசியா, ஒரே ஒரு வாய் தண்ணின்னு என்னையக் கையெடுத்துக் கும்பிட்டாருங்க. நீங்க சொன்னீங்கன்னு நான் குடுக்கலீங்க. கேட்டுக்கிட்டே போய்ச் சேந்துட்டாரு."

நீட்டிய கைகளை அவர் மடக்கிக்கொண்டார்.

"அன்னைக்கு ஒரு வாய் குடுத்திருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காதுங்களா சார்?"

ஆகியிருக்காது. சாகக் கிடக்கிறவனை ஒரு வாய் தண்ணீர் கொல்லாது என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

டம்ளரைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். வறண்ட தொண்டையில் எச்சிலைக் கூட்டி விழுங்கினார்.

"இல்லேம்மா. நீ குடுக்காததுதான் சரி. நான் தாகத்துல பொய் சொல்லிட்டேன். தண்ணியை எடுத்துண்டு போ."